மில்லியன், பில்லியன், லட்சம், கோடி: கணக்கு மேசையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வியாபாரம் செய்கிறவர்களுக்கும், மேலே ஏற்காட்டில் சில காப்பித் தோட்டக்காரர்களுக்கும் கணக்கும் கடிதப் போக்குவரத்தும் பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. வரியைப் பற்றியும் வட்டியைப் பற்றியும் கேட்பார்கள் என்றுதான் மேசை போட்டேன். வருவதென்னவோ, "இந்த மில்லியன்னா நம்ம கணக்குல எவ்வளவுங்க?" என்ற கேள்விதான். ஆளுக்கு ஆள் சொல்லி வாய் வலித்துவிட்டதால் எழுதி வைத்துவிட்டேன்.

ஒரே வரியில் சொல்லுங்க. மில்லியன், பில்லியன், டிரில்லியன் எவ்வளவு?

மில்லியன் பத்து லட்சம். பில்லியன் நூறு கோடி. டிரில்லியன் லட்சம் கோடி. அவசரக்காரர்கள் இத்தோடு எழுந்து போகலாம். ஆனால் கையிலிருக்கும் கடிதம் ஜெர்மனியிலிருந்தோ ஸ்பெயினிலிருந்தோ வந்திருந்தால் கொஞ்சம் உட்காருங்கள்.

மனக்கணக்குக்கு ஒரு வழி: மில்லியனில் வந்த எண்ணைப் பத்தால் வகுத்தால் கோடி. 45 மில்லியன் என்றால் நாலரைக் கோடி. பில்லியனில் வந்ததை நூறால் பெருக்கினால் கோடி. உலக மக்கள்தொகை 2022 நவம்பரில் 8 பில்லியனைத் தொட்டது என்றால் 800 கோடி.

கொலுசுக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. உலகச் சந்தைச் செய்தியில் வெள்ளி 'மில்லியன் அவுன்ஸ்' என்று வரும். அந்த டிராய் அவுன்ஸ் 31.1 கிராம். ஆக மில்லியன் அவுன்ஸ் என்பது ஏறக்குறைய 31 டன். தோட்டக்காரர்கள் படிக்கும் செய்தியில் 'மில்லியன் மூட்டை' வரும். அந்த மூட்டை நம் ஊர் மூட்டை அல்ல, 60 கிலோ. மில்லியன் மூட்டை ஆறு கோடி கிலோ, அதாவது 60,000 டன்.

எங்கப்பா வச்சிருந்த பழைய அகராதியில் பில்லியன் என்றால் லட்சம் கோடி என்று போட்டிருக்கிறது. என் மகளின் பள்ளிப் புத்தகத்தில் நூறு கோடி. யார் சொல்வது தப்பு?

இரண்டுமே சரி. அகராதி அச்சான வருஷத்தைப் பாருங்கள். 1974-க்கு முந்தைய பிரிட்டிஷ் வழக்கைப் பின்பற்றியதாக இருக்கும்.

கதை கொஞ்சம் பழையது. 'மில்லியன்' இத்தாலியில் பிறந்த சொல். ஆயிரத்தைக் குறிக்கும் சொல்லோடு 'பெரிய' என்ற பொருள் தரும் விகுதியை ஒட்டி உண்டாக்கினார்கள். நாம் செய்திருந்தால் 'பேராயிரம்' என்றிருப்போம். 1484-இல் நிக்கோலா ஷுக்கே என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு கணித நூலின் கையெழுத்துப் பிரதியில் அடுத்தடுத்த பெயர்களை அடுக்கினார். மில்லியனை மில்லியனால் பெருக்கினால் பில்லியன், அதை மறுபடி மில்லியனால் பெருக்கினால் டிரில்லியன். 'பி' என்றால் இரண்டு, 'டிரி' என்றால் மூன்று. இரண்டு தடவை மில்லியன், மூன்று தடவை மில்லியன். கணக்காகப் பார்த்தால் இதுதான் ஒழுங்கான ஏற்பாடு. அப்பாவின் அகராதி சொல்வதும் இதைத்தான்.

பிறகு பிரான்சிலேயே சிலர் ஆயிரம் மில்லியனையே பில்லியன் என்று சொல்லத் தொடங்கினார்கள். அமெரிக்கா அதைப் பிடித்துக்கொண்டது. பிரிட்டன் பழையதையே வைத்திருந்தது. வேடிக்கை இனிமேல்தான். 1961-இல் பிரான்ஸ் பழைய பெரிய பில்லியனுக்கே சட்டப்படி திரும்பிப் போனது. 1974-இல் பிரிட்டன், பிரதமர் ஹரால்ட் வில்சன் நாடாளுமன்றத்தில் கொடுத்த ஓர் எழுத்துவழிப் பதிலோடு, அமெரிக்காவின் சின்ன பில்லியனுக்கு வந்துவிட்டது. அதாவது அரசாங்கப் புள்ளிவிவரங்களில் பில்லியன் என்று வந்தால் ஆயிரம் மில்லியன் என்று எடுத்துக்கொள்ளுங்கள் என்று அறிவித்தார்கள். ஒரே சொல், ஒரே எழுத்து, நடுவில் மூன்று சைபர் காணாமல் போனது.

அகராதியைத் தூக்கிப் போட வேண்டாம். பழைய பிரிட்டிஷ் புத்தகங்களைப் படிக்கும்போது அதுதான் உதவும்.

மேட்டூர் அணையில் இத்தனை டிஎம்சி தண்ணீர் என்று தினமும் பேப்பரில் போடுகிறார்களே, டிஎம்சி என்றால் எவ்வளவு?

இந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்குத் தனி சந்தோஷம். மில்லியனே தெரியாது என்று சொல்கிற விவசாயி கூட நம் மாவட்டத்தில் டிஎம்சி என்பார். அந்த மூன்று எழுத்துக்குள்ளே ஒரு மில்லியன் உட்கார்ந்திருக்கிறது: 'தௌசண்ட் மில்லியன் கியூபிக் ஃபீட்', ஆயிரம் மில்லியன் கன அடி. நம் கணக்கில் நூறு கோடி கன அடி.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஆயிரம் மில்லியன் என்றால் பில்லியன்தானே? 'பில்லியன் கன அடி' என்று சுருக்கமாகச் சொல்லாமல் ஏன் சுற்றி வளைத்தார்கள்? மேட்டூர் அணை 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்தது. கட்டியவர்கள் பிரிட்டிஷ் ஆட்சிக்காலப் பொறியாளர்கள். அவர்கள் ஊரில் அப்போது பில்லியன் என்றால் லட்சம் கோடி. நூறு கோடிக்கு அவர்களிடம் இருந்த பெயரே 'ஆயிரம் மில்லியன்'தான். 1924-ஆம் வருஷக் காவிரி ஒப்பந்தத்திலும் கிருஷ்ணராஜசாகரின் கொள்ளளவு 44,827 மில்லியன் கன அடி என்றுதான் இருக்கிறது. 44.8 பில்லியன் என்று இல்லை. லண்டனில் பில்லியன் மாறி ஐம்பது வருஷம் தாண்டிவிட்டது, நம் அணைக் கணக்கில் பழைய பேச்சு அப்படியே தங்கிவிட்டது.

மேட்டூரின் முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி. பிரித்தால் 9,347 கோடி கன அடி. லிட்டரில் வேண்டுமானால் ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் என்று வைத்துப் பெருக்குங்கள்: கிட்டத்தட்ட 2.65 லட்சம் கோடி லிட்டர். அப்பாவின் அகராதிப்படி சொன்னால் இரண்டரைக்கு மேல் 'பில்லியன்' லிட்டர். மகளின் புத்தகப்படி 2,650 'பில்லியன்' லிட்டர். தண்ணீர் ஒன்றுதான்.

இன்னொரு உபயோகமான எண்: விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி. நீர்வரத்துச் செய்தியைப் படிக்கும்போது 11,574-ஐ மனதில் வைத்துக்கொண்டால், அணை இன்று எவ்வளவு ஏறும் என்று டீக்கடையிலேயே சொல்லிவிடலாம். நான் சொல்லி நாலு டீ சம்பாதித்திருக்கிறேன். சென்னை ஏரிகளுக்கு டிஎம்சி பெரிய அளவு என்பதால் அங்கே வெறும் மில்லியன் கன அடி. பூண்டி நிரம்பினால் 3,231 மில்லியன் கன அடி. அது மூன்றேகால் டிஎம்சிக்குக் கொஞ்சம் குறைவு.

ஜெர்மனிக்காரர் கடிதத்தில் 'மில்லியார்ட' என்று போட்டிருக்கிறார். அச்சுப் பிழையா?

பிழை இல்லை. அவர்கள் ஷுக்கேயின் வழியிலேயே நிற்கிறவர்கள். மில்லியனுக்கும் பில்லியனுக்கும் நடுவே பெரிய பள்ளம் இருப்பதால், ஆயிரம் மில்லியனுக்கு 'மில்லியார்ட' என்று ஒரு படி வைத்திருக்கிறார்கள். அது நூறு கோடி. அவர்களுடைய 'பில்லியோன்' லட்சம் கோடி. பிரெஞ்சும் அப்படியே. ஸ்பானியர்கள் நூறு கோடியை 'மில் மில்லோனெஸ்', ஆயிரம் மில்லியன்கள், என்பார்கள். நம் டிஎம்சி மாதிரியேதான்.

இதைத் தெரியாமல் சரித்திரம் படித்தாலும் குழம்பும். 1923-இல் ஜெர்மனியில் பணவீக்கம் தலைக்கு மேல் போய், ஒரு புதிய ரெண்டன்மார்க்குக்கு லட்சம் கோடி பழைய காகித மார்க் என்று மாற்றிக் கொடுத்தார்கள். ஜெர்மன் புத்தகத்தில் அது 'ஒரு பில்லியன்'. இன்றைய ஆங்கிலப் புத்தகத்தில் 'ஒரு டிரில்லியன்'. அதைத் தமிழில் பெயர்க்கிறவர் எந்தப் புத்தகத்தைப் பார்த்தாரோ, அந்தப் பில்லியனோ டிரில்லியனோ அப்படியே வந்துவிடுகிறது. 'லட்சம் கோடி' என்று எழுதியிருந்தால் சண்டையே இல்லை.

ஹங்கேரி இதைவிடப் படுபாதாளம். 1946-இல் அங்கே புழக்கத்துக்கு விட்ட மிகப் பெரிய நோட்டில் 'பத்துக் கோடி பி-பெங்கோ' என்று அச்சிட்டிருந்தது. அந்த 'பி' என்பது பெரிய பில்லியன், அதாவது லட்சம் கோடி. நோட்டின் மொத்த மதிப்பு 1-க்குப் பின்னால் 20 சைபர். நம் வாயில் சொன்னால் 'பத்து லட்சம் கோடி கோடி' பெங்கோ. சைபர் போட இடம் போதாமல் பெயரையே சைபர் மூட்டையாகக் கட்டிவிட்டார்கள்.

காற்புள்ளியும் புள்ளியும் மாறினால் என்ன ஆகும்?

மானம் போகும். எனக்குப் போயிருக்கிறது. ஒரு ஜெர்மன் காப்பி வறுப்புக்காரர் 1.500 கிலோ வேண்டும் என்று எழுதியிருந்தார். மாதிரிக்குக் கேட்கிறார் போலும் என்று தோட்டக்காரரிடம் சொன்னேன். ஒன்றரைக் கிலோ கொட்டையை அழகாகப் பொட்டலம் கட்டி, மேலே துணி தைத்து அனுப்பினோம். அவர் கேட்டது ஒன்றரை டன். ஜெர்மனியில் ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளி, தசமத்துக்குக் காற்புள்ளி. நமக்கு நேர் தலைகீழ். அந்தத் தோட்டக்காரர் இன்னும் ஏற்காடு ஒண்டிக்கடைப் பக்கம் என்னைப் பார்த்தால், "ஒன்றரைக் கிலோ வந்துட்டாரு" என்பார்.

நாம் ஏன் 3, 2, 2 என்று காற்புள்ளி போடுகிறோம்? உலகமே 3, 3 என்று போடும்போது நமக்கு மட்டும் என்ன?

காற்புள்ளி பெயருக்குப் பின்னால் போகிறது. நமக்கு ஆயிரத்துக்கு அப்புறம் நூறு ஆயிரம் சேர்ந்தால் லட்சம், நூறு லட்சம் சேர்ந்தால் கோடி. இரண்டு இரண்டு இலக்கமாகப் பெயர் மாறுகிறது, அதனால் இரண்டு இரண்டாகக் காற்புள்ளி. 2011 கணக்கெடுப்பில் சேலம் மாவட்ட மக்கள்தொகை 34,82,056. பார்த்தவுடனே முப்பத்து நான்கு லட்சத்து எண்பத்து இரண்டாயிரத்து ஐம்பத்தாறு என்று வாய் தானாகச் சொல்லும். 3,482,056 என்று எழுதிக் கொடுங்கள், நம் ஆள் ஒரு நிமிஷம் விரல் விடுவார்.

'உலகமே' என்று சொல்லாதீர்கள், பெயர் வைக்கும் விஷயத்தில் சீனாவும் ஜப்பானும் கொரியாவும் அதில் வராது. அவர்களுக்குப் பெயர் நாலு நாலு சைபருக்கு ஒரு தடவை மாறும். பத்தாயிரத்துக்குச் சீனத்தில் 'வான்', ஜப்பானியத்தில் 'மான்'. பத்தாயிரம் மான் சேர்ந்தால் 'ஓக்கு', நம் பத்துக் கோடி. பத்தாயிரம் ஓக்கு 'சோ', நம் லட்சம் கோடி. மில்லியனுக்குத் தனிப் பெயரே கிடையாது, 'நூறு மான்' என்பார்கள். சேலம் மாவட்டத்தை ஜப்பானியர் '348 மான் 2056' என்று படிப்பார். இந்திய மக்கள்தொகை 140 கோடி என்றால் அவர்களுக்கு 14 ஓக்கு.

அவர்கள் பாடுதான் நம்மைவிடத் திண்டாட்டம். பெயர் நாலு நாலாகப் போக, அச்சில் காற்புள்ளி மட்டும் ஆங்கில வழக்கப்படி மூன்று மூன்றாக விழுகிறது. எண்ணைப் பார்ப்பது ஒன்று, வாய் சொல்வது ஒன்று. நாமாவது வாய்க்குத் தகுந்த மாதிரி காற்புள்ளியை நகர்த்தி வைத்திருக்கிறோம்.

இதில் நம் சொத்தும் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. ஜப்பானியப் பேரெண் பட்டியலின் உச்சியில் 'அசோகி', 'நயுதா' என்ற பெயர்கள் உண்டு. வடமொழியின் அசங்கியேயமும் நயுதமும்தான், பௌத்தத்தோடு ஏறிப் போனவை. அவற்றுக்குக் கொஞ்சம் கீழே 'கோகஷா' என்று ஒன்று, 1-க்குப் பின் 52 சைபர். பொருள்: கங்கை மணல். கியோட்டோவில் உட்கார்ந்திருந்தவருக்கு எண்ண முடியாத ஒன்று வேண்டியபோது கங்கைக் கரை மணல்தான் நினைவுக்கு வந்திருக்கிறது!

சீன அரசரை வாழ்த்த 'பத்தாயிரம் ஆண்டு' என்பார்கள். ஜப்பானில் கையைத் தூக்கி 'பான்சாய்' என்று கத்துவதும் அதே பத்தாயிரம் ஆண்டுதான். பெரியாழ்வார் பெருமாளுக்குப் பல்லாண்டு பாடும்போது 'பலகோடி நூறாயிரம்' வரை போய்விட்டார். நம்மவர்களுக்குக் கஞ்சத்தனம் எண்ணில் கிடையாது.

லட்சம், கோடி என்றால் எந்த நாட்டிலும் ஒரே அளவுதானே?

அப்படித்தான் நானும் நினைத்திருந்தேன். இந்தியா, நேபாளம், வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கையில் சிங்களம் வரைக்கும் ஒன்றுதான். அதைத் தாண்டினால் சொல் போகிறது, அளவு வழியில் நழுவிவிடுகிறது.

நம் கோடி வடக்கே 'கரோடு' ஆகி, ஈரானுக்குப் போய் 'கொரூர்' ஆனது. அங்கே அது ஐந்து லட்சம்! 1828-இல் ரஷ்யாவிடம் தோற்ற ஈரான், துர்க்மான்சாய் உடன்படிக்கைப்படி பத்துக் கொரூர் தூமான் கொடுக்க வேண்டியிருந்தது. அது ஐம்பது லட்சம் தூமான். நம் ஊர் ஆள் ஒருவர் அதை 'பத்துக் கோடி' என்று பெயர்த்தால் அபராதம் இருபது மடங்காகிவிடும்.

கிழக்கே போனால் இந்தோனேசியாவின் பழைய வழக்கில் 'லக்சா' என்றால் பத்தாயிரம். 'கெத்தி', அதாவது நம் கோடி, அங்கே ஒரு லட்சம். மில்லியனுக்கு அவர்கள் சொல்லும் 'ஜுத்தா' வடமொழி அயுதத்திலிருந்து வந்தது. அயுதம் இங்கே பத்தாயிரம், அங்கே பத்து லட்சம். கப்பலில் சரக்கு இறக்கும்போது எண்களை மட்டும் யாரோ குலுக்கிப் போட்டுவிட்ட மாதிரி இருக்கிறது.

தாய்லாந்தில் பத்தாயிரத்துக்கு 'முன்', லட்சத்துக்கு 'சேன்', பத்து லட்சத்துக்கு 'லான்' என்று ஒவ்வொரு படிக்கும் தனிப் பெயர். 'லான் நா' என்ற பழைய நாட்டின் பெயருக்குப் பொருள் பத்து லட்சம் வயல்கள். லாவோஸில் இருந்த 'லான் சாங்' பத்து லட்சம் யானைகள். நாலாயிரம் யானை இருந்திருந்தாலே பெரிசு என்பது என் எண்ணம்.

தமிழில் கோடிக்கு மேலே பெயரே இல்லையா? வாட்ஸ்ஆப்பில் ஒரு நீளப் பட்டியல் வருகிறதே, அது நிஜமா?

பெயர்கள் நிஜம். பக்கத்தில் போட்டிருக்கும் சைபர் எண்ணிக்கையை நம்ப வேண்டாம்.

தொல்காப்பியத்திலேயே ஐ, அம், பல் என்று முடியும் எண்ணுப் பெயர்கள் பேசப்படுகின்றன. உரைகாரர்கள் அவற்றைத் தாமரை, வெள்ளம், ஆம்பல் என்று காட்டுகிறார்கள். பரிபாடலின் இரண்டாம் பாட்டு உலகம் தோன்றிய காலக் கணக்கைச் சொல்லும்போது நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் என்று வரிசையாக அடுக்குகிறது. கம்பனில் வானரப் படை எழுபது வெள்ளம். குளத்தையும் பூவையும் பார்த்தவன் வைத்த பெயர்கள் இவை. ஏரி நிறைய ஆம்பல் பூத்திருக்கும்போது யார் எண்ணுவார்? ஆனால் அந்த வரிகளில் 'ஆம்பல் என்றால் இத்தனை சைபர்' என்று இல்லை. பிற்காலத்தில் வாய்பாடு எழுதியவர்கள் ஆளுக்கொரு அளவு வைத்தார்கள். வாட்ஸ்ஆப் பட்டியல் அதில் ஏதோ ஒன்றின் நகலின் நகல்.

வடமொழியிலும் இதே கதைதான், தமிழுக்கு மட்டும் வந்த சோதனை இல்லை. 'பரார்த்தம்' யஜுர்வேத வரிசையில் லட்சம் கோடி. 1150-இல் பாஸ்கரர் எழுதிய லீலாவதியில் அதே பரார்த்தம் ஆயிரம் கோடி கோடி. லீலாவதியில் 'அற்புதம்' பத்துக் கோடி, அதன் வழிவந்த இந்தி 'அரப்' நூறு கோடி. 'கர்வம்' அங்கே ஆயிரம் கோடி, இந்தி 'கரப்' பத்தாயிரம் கோடி. ஏதோ ஒரு கட்டத்தில் ஏணியே ஒரு படி ஏறிக்கொண்டது.

இந்திக்காரர்களிடம் அரப், கரப் பேச்சில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. நாம் கோடியோடு நின்று, அதற்கு மேல் 'ஆயிரம் கோடி', 'லட்சம் கோடி' என்று பெருக்கிக்கொள்கிறோம். எனக்கு இதில் குறை தெரியவில்லை. தெளிவாக இருக்கிறது, சண்டைக்கு இடமில்லை. 2010-இல் 2ஜி அலைக்கற்றை பற்றித் தணிக்கை அறிக்கை சொன்ன 1.76 லட்சம் கோடி ரூபாய் டீக்கடை வரை வந்து சேர்ந்ததே, அதையே '1.76 சங்கம்' என்று பேப்பர் எழுதியிருந்தால் எந்தச் சங்கம் என்று கேட்டிருப்பார்கள்.

பெருமை பேச வேண்டுமானால் பெரிய எண்ணைவிடச் சின்ன எண்ணில் பேசுங்கள். அரை, கால், அரைக்கால், மாகாணி, மா, காணி என்று இறங்கி முந்திரிக்கு வந்தால் 320-இல் ஒரு பங்கு. முந்திரியில் முந்திரி கீழ்முந்திரி, 1,02,400-இல் ஒரு பங்கு. நெல்லையும் நிலத்தையும் பங்கு பிரித்தவர்களுக்கு அது அன்றாடத் தேவை. ஆம்பலும் வெள்ளமும் யாருக்கும் சம்பளமாக வந்ததில்லை.

முப்பத்து முக்கோடி தேவர் என்றால் 33 கோடிப் பேரா?

வேதத்தில் தேவர் 33 பேர்தான்: எட்டு வசுக்கள், பதினோரு ருத்திரர், பன்னிரண்டு ஆதித்தியர், கூட இருவர். 'கோடி'க்கு வடமொழியில் முனை, வகை என்றும் பொருள் உண்டு, ஆகவே முப்பத்து மூன்று வகை என்று சிலர் சொல்கிறார்கள். எண்ணாகவே கொண்டு பரிவாரத்தையும் சேர்த்துக்கொள்கிறவர்களும் உண்டு. வழக்கைத் தீர்க்க நான் ஆள் இல்லை. தமிழிலும் கோடிக்குப் பொருள் பல: தெருக்கோடி இருக்கிறது, சாவு வீட்டில் போடும் கோடித் துணி இருக்கிறது. எண் கோடி அவற்றோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

சிங்கப்பூர்த் தமிழ்ச் செய்தியில் 'மூன்று மில்லியன் வெள்ளி' என்று போட்டிருந்ததே! கிலோவா, அவுன்ஸா?

கேட்டவர் கொலுசு மொத்த வியாபாரி, ஆகவே சிரிக்கக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன். சிங்கப்பூர், மலேசியத் தமிழில் வெள்ளி என்றால் அந்த ஊர்ப் பணம், டாலரோ ரிங்கிட்டோ. முப்பது லட்சம் டாலர் என்று படிக்க வேண்டும். அவர்களும் இலங்கைத் தமிழரும் செய்தியிலும் பேச்சிலும் மில்லியனைத் தயக்கமில்லாமல் புழங்குகிறார்கள். 'இருநூறு மில்லியன் ரூபாய்' என்று யாழ்ப்பாணத்துக்காரர் சொன்னால் இருபது கோடி.

யூடியூபில் கே, எம், பி என்று வருவது?

கே ஆயிரம், எம் பத்து லட்சம், பி நூறு கோடி. கே என்பது கிலோகிராமின் கிலோதான், கிரேக்கத்தில் ஆயிரம். எம் மட்டும் கொஞ்சம் வஞ்சகம். எரிவாயு வியாபாரத்தில் ரோமன் எண்ணின்படி ஒரு எம் ஆயிரம், இரண்டு எம் சேர்ந்தால்தான் மில்லியன். எம்எம்பிடியூ என்று பார்த்தால் பத்து லட்சம் பிடியூ (பிடியூ என்பது வெப்பத்தை அளக்கும் அலகு).

நிலம் விற்கிறவர் 'நாற்பது லகரம்', 'ரெண்டு சி' என்கிறார்.

லட்சமும் கோடியும்தான். பக்கத்து மேசைக்காரருக்குக் கேட்கக் கூடாது என்று சுருக்குவது. அவருக்கும் தெரியும்.

லட்சமா, இலட்சமா?

இரண்டும் எழுதலாம். ல தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் இலக்கணப்படி இ சேர்த்தார்கள். பழைய நூல்களில் 'இலக்கம்' என்றே லட்சத்தைச் சொல்வதுண்டு. அதே இலக்கம்தான் எண்ணுக்கும் பெயர். இலங்கையில் வீட்டு முகவரியில் 'இல. 12' என்று போடுவதைப் பார்த்து, பன்னிரண்டு லட்சமாவது வீடா என்று மிரள வேண்டாம்.

பத்திரத்தில் தொகையை எழுத்தால் எழுதும்போது எங்கே 'ஏ', எங்கே 'த்து'?

1,23,45,678-ஐ இப்படி எழுதுவேன்: ஒரு கோடியே இருபத்து மூன்று லட்சத்து நாற்பத்தைந்தாயிரத்து அறுநூற்று எழுபத்தெட்டு ரூபாய் மட்டும். கோடிக்குப் பின் எண் தொடர்ந்தால் 'யே'. லட்சமும் ஆயிரமும் 'த்து' வாங்கும். நூறு 'நூற்று' ஆகும். தொடர்ச்சி இல்லாவிட்டால் 'பன்னிரண்டு லட்சம்' என்று அப்படியே நிறுத்துங்கள். இந்த 'யே'யும் 'த்து'வும் அழகுக்கு வந்தவை மட்டும் அல்ல. 'பின்னால் இன்னும் இருக்கிறது' என்று சொல்கின்றன. நடுவில் யாராவது ஒரு சொல்லைச் செருகினாலோ உருவினாலோ வாக்கியம் இடறும். எண்ணில் ஒரு சைபர் சேர்ப்பது அதைவிட எவ்வளவோ சுலபம்.

கூகோல் என்ற எண்ணைத் தமிழில் எப்படிச் சொல்வது?

1-க்குப் பின் 100 சைபர். எட்வர்ட் காஸ்னர் என்ற அமெரிக்கக் கணிதர், தன் அண்ணனோ தங்கையோ பெற்ற ஒன்பது வயதுப் பிள்ளையிடம் கேட்டு வாங்கிய பெயர். நம் வழியில், 'நூறு' என்று சொல்லிவிட்டுப் பின்னால் 'கோடி' என்று பதினான்கு தடவை சொல்லுங்கள். மூச்சு விடாமல் சொன்னால் சரியாக வரும்.

வெளிநாட்டுக் கடிதத்துக்கு நீங்கள் இப்போது எப்படித்தான் எழுதுகிறீர்கள்?

மில்லியனுக்கு மேலே பெயரே எழுதுவதில்லை. எண்ணை முழுசாக எழுதி, மூன்று மூன்று இலக்கத்துக்கு நடுவே புள்ளியும் இல்லாமல் காற்புள்ளியும் இல்லாமல் சின்ன இடைவெளி மட்டும் விடுகிறேன். உலக அளவை மாநாடு சொல்வதும் அதுதான், 2003-இல் மறுபடி ஒரு தடவை உறுதிப்படுத்தினார்கள். கீழே எழுத்தால் ஒரு வரி, அலகு கிலோவா டன்னா என்று ஒரு வரி. உள்ளூர்க்காரர் பிரதியில் மட்டும் லட்சமும் கோடியும் நம் காற்புள்ளியும்.

அந்த ஜெர்மன் வறுப்புக்காரர் ஒன்றரைக் கிலோவைக் குடித்துப் பார்த்துவிட்டு மறுபடி எழுதினார். இந்தத் தடவை '2 000 கிலோ' என்று இடைவெளி விட்டு, பக்கத்தில் 'இரண்டு டன்' என்று ஆங்கிலத்தில் அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தார். அதையும் நம்பாமல் மூட்டைக் கணக்குப் போட்டு, அறுபது கிலோ மூட்டை முப்பத்து மூன்றும் மீதி இருபது கிலோவும் சரிதானா என்று ஒரு பதில் போட்டுவிட்டுத்தான் தோட்டத்துக்குச் சொன்னேன்.